கதவுகள் திறந்திருந்த நாளின் அளவு

1. ரப்பர் பால் தொழிற்சாலை ஒன்றில் மிஷின் கிண்ணம் கழுவும் அக்கா ஒருவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அந்தக் காற்றிலிருந்து விலகி இருக்கும்படி அவிசாவளை டாக்டர் சொன்னார்.

2. தொழிற்சாலை அவரை ஒரு வாரம் கிண்ண அறையிலும் மறு வாரம் வெளியே ரப்பர் நாற்றுகள் வளரும் நாற்று மேடையிலும் போட்டது. காற்றை அளந்து பார்த்துவிட்டு நிரந்தரமாக ஒரு முடிவு எடுக்கலாம் என்றார் நாங்கள் துரை என்று அழைக்கும் மேலாளர்.

3. அளப்பதற்கு நான் போனேன்.

4. அக்காவின் இடுப்பில் பம்பைக் கட்டினேன். கழுத்தோரம் கண்ணாடிக் குழாயைச் செருகினேன். வேலை முடியும்வரை அது அவர் மூச்சு விடும் இடத்துக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

5. குழாய் கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் போனது. வந்த எண் ஒன்பது. எல்லை இருபத்தைந்து.

6. அக்கா நாற்று மேடையை விட்டு முழு நேரமும் கிண்ண அறைக்குத் திரும்பினார்.

7. ஒன்பது எப்படி வந்தது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்படி எழுதினால் எல்லாம் ஒழுங்காக நடந்தது போலிருக்கிறது. ஒழுங்காகத்தான் நடந்தது. பம்ப் சரியாக ஓடியது. அது காற்றை இழுக்கும் வேகம் காலையிலும் மாலையிலும் ஒத்திருந்தது. ஒப்பிடுவதற்காகக் காற்று இழுக்காமல் அனுப்பிய வெற்றுக் குழாயில் ஒன்றும் இல்லை. ஆய்வுகூடத்தின் வேலையில் நான் இன்றுவரை ஒரு பிழையும் காணவில்லை.

தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது அந்தத் தொழிற்சாலை. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ரப்பர் பால் பௌசர் எனும் டாங்கி லொறியில் அங்கே வரும். பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா வாயுவைக் கலப்பார்கள். பிறகு சுழலும் மிஷினில் விட்டுத் தண்ணீரைப் பிரித்து, கெட்டியான பாலைக் கையுறை செய்கிறவர்களுக்கு அனுப்புவார்கள். மிஷினின் கிண்ணத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டுகள் இருக்கும். அவற்றில் கசடு படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிண்ணத்தைக் கழற்றி, தட்டுகளைப் பிரித்து, கசடைச் சுரண்டிக் கழுவ வேண்டும். கசடுக்குள் அடைந்திருக்கும் அமோனியா அப்போதுதான் முகத்தில் அடிக்கும். அந்தத் தட்டுகளின் மேல் குனிந்திருப்பது அக்காவின் வேலை.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அந்தத் தொழிற்சாலைக்குப் பால் அனுப்பும் தோட்டம் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். பௌசர் கடந்துபோனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறேனே தவிர, படித்து முடித்து, கொழும்பில் வேலை கிடைத்து, அளவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை உள்ளே காலடி வைத்ததில்லை.

எங்களை அழைத்தது அக்காவுக்காக அல்ல. பால் வாங்கும் கம்பனி வருடத்துக்கு ஒருமுறை காற்று அறிக்கை கேட்கிறது. வருடா வருடம் யாராவது ஒருவர் போய் அளக்கிறார். இந்த முறை அக்காவின் விஷயமும் அதோடு ஒட்டிக்கொண்டது. துரை அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். எண் எல்லையைத் தாண்டினால் காற்று இழுக்கும் ஃபேன் போடுவார், அக்காவை நிரந்தரமாக நாற்று மேடைக்கு மாற்றுவார். தாண்டாவிட்டால் இரண்டும் கிடையாது. நியாயமான பேச்சாகத்தான் எனக்கும் பட்டது. என் வேலையே அந்த எண்ணில்தானே நிற்கிறது.

காலையில் போனபோது ஃபெக்டரி ஆபீசர் வாசலுக்கு வந்தார். எஹலியகொட பக்கத்துச் சிங்களவர். நாற்பது வயது இருக்கும். தமிழ் நன்றாகப் பேசுவார், அவசரமானால் சிங்களத்துக்குத் தாவுவார். அக்காவின் இருமலைத் துரையின் காதுக்குக் கொண்டுபோனவரே அவர்தான்.

கிண்ண அறையில் மூன்று பெண்கள் நின்றார்கள். இருமலை வைத்தே அக்காவை அடையாளம் கண்டுகொண்டேன். நாற்பத்தைந்து வயதுக்கு மெலிந்த உடம்பு. கண்ணின் வெள்ளை சிவந்திருந்தது, அழுதுவிட்டு வந்தவர் போல.

"மிஸ் எந்தப் பக்கம்?" என்றார்.

ஊரைச் சொன்னேன். தோட்டத்தில் அப்பா பால் வெட்டும் டிவிசனையும் சொன்னேன்.

"அட, நம்ம புள்ள!" என்று மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் யாரும் என்னை மிஸ் என்று கூப்பிடவில்லை, ஆபீசர் பக்கத்தில் இருந்த நேரம் தவிர.

பம்பைக் கட்டும்போது அக்காவுக்குக் கூச்சம். பக்கத்தில் நின்ற கட்டையான பெண்ணுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்புள்ள, இதுல பாட்டுக் கேக்குமா?"

"கேக்காது. காத்த மட்டுந்தான் இழுக்கும்."

"இழுக்கட்டும், இழுக்கட்டும். இவ புருசன் சம்பளத்த இழுக்கிறான், கம்பனி உசுர இழுக்குது, காத்த இழுக்க மட்டுந்தான் ஆளில்லாம இருந்துச்சு."

"வாய மூடுடி," என்றார் அக்கா. "அதுல நம்ம பேசுறதும் பதியும்."

"பதியாதுக்கா," என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. இவ பேசுறது கொழும்புக்குப் போனா தோட்டத்துக்கே அவமானம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அக்காவுக்கு இருமலாக முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அடங்கியதும் கையை அசைத்து, தொடங்கலாம் என்று சாடை காட்டினார்.

குழாய் மூக்குக்கு ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சேலைத் தலைப்பு அதை மூடக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. இந்த மூன்றையும் சொன்னேன். நாலாவதாக, எங்கே போனாலும் நான் சொல்வதைச் சொன்னேன்: "எப்பவும் செய்ற மாதிரியே வேல செய்யுங்க. எனக்காக எதையும் மாத்த வேணாம்."

"சரி புள்ள," என்றார் அக்கா. உடனே சொன்னார். நான் சொல்லி முடிக்கும் முன்பே.

அன்று கிண்ண அறையின் இரு பக்கத்துப் பெரிய கதவுகளும் திறந்திருந்தன. ஆற்றுப் பக்கமிருந்து காற்று புகுந்து மலைப் பக்கமாக வெளியேறியது. கதவுகள் எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று ஆபீசரிடம் கேட்டேன்.

"ஓவ் மிஸ், எப்பவும் இப்படித்தான்," என்றார்.

எழுதிக்கொண்டேன்: கதவுகள் திறந்த நிலை. அமோனியா மணம் இருந்தது, ஆனால் என் கண் எரியவில்லை. கிண்ணங்களை மூவரும் மாறி மாறித் திறந்தார்கள். கசடு மெல்லிய படலமாக, சுரண்டினால் தாள் போல உரிந்து வந்தது. நான் நினைத்த அளவுக்கு மோசமில்லையே என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்பதால்தான் பம்ப் இருக்கிறது. மாலையில் அதைக் கழற்றினேன். குழாயின் இரு முனையையும் மூடினேன். பஸ் ஏறினேன்.

முடிவு வந்தபோது அறிக்கையைக் கொடுக்கவும் விளக்கவும் நானே போக வேண்டியிருந்தது. துரையின் அலுவலகத்தில் ஆபீசரும் இருந்தார். நாங்கள் பயன்படுத்துவது வெளிநாட்டு அட்டவணை ஒன்றை. அதில் அமோனியாவுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. வேலை நாள் முழுவதற்குமான சராசரி, காற்றின் பத்து இலட்சம் பங்கில் இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. பதினைந்து நிமிடச் சராசரி முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. கம்பனி கேட்டிருந்தது முதலாவதை மட்டும். அதையே அளந்தோம். ஒன்பது.

ஆபீசரின் முகம் தெளிந்தது. நல்ல மனதோடுதான். அக்கா இனி முழு நேரமும் கிண்ண அறையில்தான் என்று துரை முடிவு சொன்னதும், ஆபீசர் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கிண்ண அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

"லிமிட் எக்கட்ட அடுயி!" என்று அக்காவிடம் உரக்கச் சொன்னார். "லிமிட்டுக்குக் கீழதான் இருக்கு. பய வென்ன எபா, பயப்பட வேணாம். ஒங்க நோய் இதுல வந்தது இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எண்ணுக்குத்தான் தலையசைத்தேன், கடைசி வாக்கியத்துக்கு அல்ல. எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த அறையில் இந்த முறை அக்கா மட்டும்தான் இருந்தார். மலைப் பக்கக் கதவு சாத்தியிருந்தது. ஆற்றுப் பக்கக் கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்திருந்தது. ஆபீசர் போன பிறகு இரண்டு நிமிடம்கூட என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. கண்ணில் நீர் ஓடியது. தொண்டையில் யாரோ மணலைப் போட்டுத் தேய்ப்பது போலிருந்தது. வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"எரியுதா புள்ள? கண்ணக் கசக்காத. தண்ணி மட்டும் ஊத்து."

"மத்த ரெண்டு பேரும் எங்கக்கா?"

"அவங்களுக்கு டாங்கிப் பக்கம் வேல. இங்க எப்பவும் ஒரு ஆளுதான்."

"அன்னைக்கு மூணு பேரு இருந்தீங்களே?"

அக்கா குழாயை மூடினார்.

"கதவு ஏன் சாத்தியிருக்கு?"

"தொறந்தா எலையும் தூசியும் பால்ல விழும். மழையும் சாரலடிக்கும். விசிட்டு வந்தாத்தான் தொறப்போம்."

விசிட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்துக்கு மேலிருந்து யாராவது வருவதென்றால் முதல் நாளே பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். வடிகால் கான் வெட்டுவார்கள். மூக்கு ஒழுகும் பிள்ளைகளை வரிசை வீடுகளான லயத்துக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள். வருகிறவர் எப்போதும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: எனக்காக எதையும் மாற்ற வேண்டாம், வழக்கம் போல வேலை பாருங்கள். எல்லாரும் சரி என்பார்கள். அதைச் சொல்வது அவர் மரியாதை. மாற்றி வைப்பது எங்கள் மரியாதை. பம்போடு போன எனக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது.

அக்கா குழாயடித் திண்டில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டதை என் வழக்கப்படி மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

ஒன்று, கதவுகள். இரண்டு, ஆட்கள்: அளந்த அன்று அக்காவின் வேலையை மூவரும் பங்கு போட்டார்கள், ஆகவே மூன்றில் ஒரு பங்குக் கிண்ணத்தின் மேல்தான் அவர் குனிந்தார். மூன்றாவது என் கண்ணில் படவே வழியில்லாதது. வழக்கமாக மாலையில் கடைசியாக ஓடிய கிண்ணங்கள் கசடோடு அப்படியே கிடக்கும். மறுநாள் காலையில் முதல் வேலையாக அவற்றைத் திறப்பார். நாளின் மிக மோசமான நேரம் அதுதான். நான் வருவதற்கு முதல் நாள் மாலை அக்கா வேலை முடிந்தும் நின்று, எல்லாவற்றையும் கழுவி, கசடு வாளிகளைக் கானில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"யாருக்கா செய்யச் சொன்னது? ஆபீசர் மாத்தயாவா?"

"அவரு கதவத் தொறக்க மட்டுந்தான் சொன்னாரு. விசிட்டுக்கு எப்பவும் சொல்றதுதானே. மத்ததெல்லாம் நானா செஞ்சது."

"ஏன்க்கா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அது அழுகையா, எரிச்சலா என்று அந்தக் கண்ணில் பிரித்தறிய முடியாது.

"போன வருசம் அளக்க வந்த மாத்தயா காலைல மொதக் கிண்ணத்தத் தொறந்ததும் அழுதுகிட்டே வெளிய ஓடுனாரு. வாந்தியும் எடுத்தாரு. ஆபீசுல இருந்தவங்கெல்லாம் வந்து நின்னு சிரிச்சாங்க. நாங்களுந்தான் சிரிச்சோம். இந்த வருசம் பொம்பளப் புள்ள வருது, அதுவும் தமிழ்ப் புள்ளன்னு கேள்விப்பட்டோம். நம்ம புள்ளயப் பாத்து அவனுங்க சிரிக்கக் கூடாதுல்ல?"

அவர் முந்தானையை இடுப்பில் செருகினார்.

"ஒன் மெஷினு எப்பிடியும் கண்டுபிடிச்சிரும்னு நெனச்சேன் புள்ள. பல வருசமா இருக்கிற நாத்தம். ஒரு நாள் கழுவுனா போயிருமா?"

போய்விடும். பம்புக்கு முந்தைய வருடங்கள் தெரியாது. அது ஓடிய நேரத்தின் காற்று மட்டும்தான் அதற்குத் தெரியும். இதை அவரிடம் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். புரிந்துகொண்டார்.

"அப்ப என் கழுத்த நானே அறுத்துக்கிட்டேன்," என்றார். குரலை உயர்த்தாமல், கடைக்குப் போக வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னார்.

கொழும்பு திரும்பியதும் எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவரல்ல. பொறுமையாகக் கேட்டார். மாதிரி செல்லுபடியாகும் மாதிரி, அதை ரத்துச் செய்ய ஆய்வுகூடத்துக்குக் காரணம் இல்லை என்றார். அளந்த நாளின் நிலைமை வழக்கமான நிலைமை அல்ல என்று ஒரு குறிப்பைச் சேர்க்கலாம், மறுபடி அளக்கும்படி பரிந்துரைக்கலாம். சேர்த்தேன். பரிந்துரைத்தேன். திருத்திய அறிக்கை போனது. பால் வாங்கும் கம்பனி பார்ப்பது முதல் பக்கத்து அட்டவணையை. அதில் ஒன்பது இருக்கிறது, பக்கத்தில் இருபத்தைந்து இருக்கிறது. என் குறிப்பு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

பிறகு ஆபீசருக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

"அனே," என்றார். "கதவத் தொறக்கச் சொன்னது நாந்தானே மிஸ். எப்பவும் செய்றதுதான். நெனச்சே பாக்கல்ல."

முன்கூட்டி யாருக்கும் சொல்லாமல் ஒருநாள் வரச் சொன்னார். பொறுப்பாளரிடம் கேட்டு, நிறம் மாறும் குழாய்களையும் கைப் பம்பையும் எடுத்துக்கொண்டு போனேன். அது நாள் முழுவதையும் அளக்காது, அந்த நிமிடத்தை மட்டும் காட்டும். குழாய்க்குள் மஞ்சள் பொடி இருக்கும். அமோனியா பட்டால் நீலமாகும். நீலம் எந்தக் கோடுவரை ஏறுகிறதோ அதுதான் அளவு.

கதவுகள் சாத்தியிருந்தன. முதல் நாள் மாலையின் கிண்ணங்கள் அப்படியே கிடந்தன. முகக்கவசம் போட்டுக்கொண்டேன். அக்காவுக்கும் ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதை மாட்டினால் மூச்சு வாங்க இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டார். பொய் அல்ல. கெட்டுப்போன நுரையீரலுக்கு வடிகட்டி வழியே காற்றை இழுப்பதே ஒரு வேலை.

அவர் முதல் கிண்ணத்தைத் திறந்தார். அவர் முகத்துக்குப் பக்கத்தில் குழாயைப் பிடித்துப் பம்பை அழுத்தினேன். அழுத்த வேண்டிய தடவைகளில் பாதிகூட முடியவில்லை. நீலம் கடைசிக் கோடான எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னொரு குழாயை உடைத்தேன். அதுவும் அப்படியே. வாசலில் நின்ற ஆபீசர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்தார். அவரே இரண்டு குழாய்களையும் வாங்கிக்கொண்டு துரையிடம் நடந்தார்.

துரை குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஒரு நிமிசத்துக் கணக்குத்தானே மிஸ்?"

"ஆமா சேர். ஆனா பதினஞ்சு நிமிசத்துக்கு வேற எல்லை இருக்கு. மொத கிண்ணங்களுக்கே பதினஞ்சு நிமிசத்துக்கு மேல ஆகும். அத மொறயா அளக்கணும்னு கேக்கிறேன். வழக்கமான நாள்ல, சொல்லாம வந்து."

"கம்பனி கேட்டது எட்டு மணி நேரத்து அளவ. அது பாஸ். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அளந்த நாள் வழக்கமான நாள் இல்ல, சேர். குறிப்பும் எழுதியிருக்கேன்."

"கழுவி வெச்சது யாரு? அந்தப் பொம்பளதானே? கழுவுனா கொறையுதுன்னா நல்லதுதானே. தெனமும் அப்படிக் கழுவச் சொல்லுங்க."

ஆபீசர் குறுக்கிட்டார். மாலையில் நின்று கழுவ ஆளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும், கிண்ண அறைக்கு மூன்று பேர் வேண்டும், கதவைத் திறந்தால் பால் அசுத்தமாகும் என்றார். மூன்றுக்கும் துரை ஆமாம் என்று தலையை ஆட்டினார். அடுத்த வருட அளவின்போது பார்க்கலாம் என்று பேச்சை முடித்தார். அவர் குரலில் கடுமை இல்லை. சுருக்கமாக, மரியாதையாகப் பேசினார். குழாய்களையும் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே அக்காவோடு அந்தக் கட்டையான பெண்ணும் நின்றாள். என்ன சொன்னார்கள் என்று அக்கா கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள். சொன்னேன்.

"தெனமும் கழுவணுமாமா? அப்ப தெனமும் நீயே வா புள்ள. நீ வந்தா இவ வூட்டுப் பாத்திரத்தக்கூட விட்டுட்டு வந்து கழுவுவா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"சும்மா இரு," என்றார் அக்கா. பிறகு என்னிடம், "நீ வெசனப்படாத. ஒன் வேலய நீ சரியாத்தான் செஞ்ச," என்றார். பஸ் தவறிவிடும், சீக்கிரம் போ என்றும் சொன்னார். மேட்டில் கொஞ்ச தூரம் கூட வந்தார். பாதி வழியில் நின்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். நான் காத்திருந்தேன். போ, போ என்று கையை மட்டும் அசைத்தார்.

இப்போதைய நிலை இது. ஒன்பது என்ற அறிக்கை அடுத்த அறிக்கை வரும்வரை செல்லும். ஃபேன் போடவில்லை. பதினைந்து நிமிட அளவுக்கு யாரும் உத்தரவு தரவில்லை, நான் எழுதிய இரண்டு கோரிக்கைகளுக்கும் பதில் வரவில்லை. நாற்று மேடையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். துரைக்குத் தெரியாமல் ஆபீசர் ஆற்றுப் பக்கக் கதவை மழையில்லாத நாட்களில் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா கிண்ண அறையில்தான் இருக்கிறார். இப்போது அந்த மேட்டில் மூச்சு வாங்க இரண்டு இடத்தில் நிற்கிறாராம்.